ரெமெக்குக்குப் பத்துக் குளிர்காலம்

அன்பு மகன் செவெரினுக்கு அம்மாவின் முத்தங்கள். நீ வயிறாரச் சாப்பிட்டு, காலில் ஈரம் படாமல், அந்த நார்வேக் கப்பல் பட்டறையில் யாரிடமும் திட்டு வாங்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, உன் தங்கை, கோழிகள், நான் எல்லோரும் சுகம், என் வலது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை. பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், பதறாதே, எதற்காக விழுந்தேன் என்பதைக் கேட்டால் நீயே சிரிப்பாய். ஆகவே நான் சொல்லச் சொல்லக் காலினா எழுதுகிறாள். பள்ளியில் கட்டுரைக்குப் பரிசு வாங்குகிறவள் அல்லவா, நான் பேசுகிறபடி எழுதமாட்டாளாம், புத்தகத்தில் வருகிறபடிதான் எழுதுவாளாம். எழுதட்டும். (அண்ணா, ரெமெக்கைப் பற்றி அம்மா சொல்லும் சில சொற்கள் காகிதத்துக்குத் தகாதவை. அந்த இடங்களில் எல்லாம் "அந்த ஆள்" என்று எழுதியிருக்கிறேன். காலினா.)

தொலைபேசியில் சொன்னால் நீ விடுங்கம்மா என்று பேச்சை முடித்துவிடுவாய், கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். உன் பெயரில் இருக்கும் ஆற்றோரப் புல்வெளியைப் பத்து வருடக் குத்தகைக்குத் தரச்சொல்லி ரெமெக் உன்னைக் கேட்கப்போகிறான், ஒருவேளை இதற்குள் கேட்டும் இருப்பான். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், நீயும் இளகிய மனசுக்காரன், கல்யாண வீட்டில் இரண்டு கோப்பை உள்ளே போனதும் அங்கே அவன் பறவைகளை ஒளிந்திருந்து படம் எடுக்கும் குடில் போட்டுக்கொள்ளலாம் என்று வாய்ச்சொல் கொடுத்தவன் நீதானே. இப்போது அது போதவில்லையாம், எழுத்தில் வேண்டுமாம். இந்தக் கடிதத்தின் கடைசி வரியைப் படிக்கும்வரை அவனுக்கு ஆம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே.

நம் அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்துதான் அவன் பறவைகளையே பார்க்கக் கற்றுக்கொண்டான் என்பது உனக்குத் தெரியும். நீ விட்டுப்போன கேமராவில் நான் படம் எடுப்பேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் ஜாம் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு, எந்தக் கிளைக்கு எது வரும், எந்நேரம் வரும் என்று கேட்டுக் கேட்டுத் தலையில் ஏற்றிக்கொள்வான். பட்டாணிக் குருவிகளுக்குக் கட்டும் பன்றிக் கொழுப்பில் உப்பு இருக்கக்கூடாது என்பதுகூட அவனுக்குத் தெரியாது, புகைபோட்ட பன்றி இறைச்சியைக் கொண்டுவந்து நீட்டினான், நான்தான் கையைத் தட்டிவிட்டேன். பிறகு குடில் போட்டான், நகரத்து ஆட்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தான், விளம்பரம் அடித்தான். அந்த விளம்பரத்தில் பெரிதாக ஒரு வல்லூறு படம், நம் ஜன்னலிலிருந்து எடுத்தது. நம் வேலிக்கம்பத்தில் நான் கவிழ்த்துவைத்த நீலக் கிண்ணம்கூட ஓரத்தில் தெரிகிறது. யார் வீட்டு ஜன்னல் என்று ஒரு வார்த்தை இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் செவெக், இளம்பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

ஜனவரி நடுவில், கிணற்று வாளி கையோடு ஒட்டிக்கொள்ளும் குளிரில், ஊர்த் தலைவர் வாசலில் வந்து நின்றார். அப்பா ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தார், மூக்கைத் துடைத்தார், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "கிராஜினா, எழுத்துல புகார் வந்துட்டா நான் கண்ண மூடிக்க முடியாது. நீ தீனி போடறதாலதான் தெருவுக்கே எலி வருதாம். மார்ச் வரைக்கும் அந்தத் தட்டை எடுத்து உள்ள வெச்சிடு." எழுதிக் கொடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் பத்து நிமிடத்தில் அப்பா இன்னொரு கோப்பை ஊற்றிக் கேட்டு வாங்கிவிட்டார். அந்த ஆள். நவம்பரில் தீனி வைக்கத் தொடங்கினவர்கள் ஜனவரியில் நிறுத்தக்கூடாது, அவை நம்மை நம்பி வேறு இடம் தேடாமல் இருந்துவிடும் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். நிறுத்தினால் பசித்தவை எல்லாம் தன் குடிலுக்குப் பறந்துவரும் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

தட்டை எடுத்த மறுநாள் காலை பட்டாணிக் குருவிகள் வந்து ஜன்னல் கண்ணாடியைக் கொத்தின. கதவைத் தட்டி, என்ன ஆயிற்று என்று கேட்பதுபோல. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் கழித்து ஜன்னலுக்குக் கீழே ஒன்று விறைத்துக் கிடந்தது. (நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அண்ணா. கனமே இல்லை. இறகை விலக்கினால் நெஞ்செலும்பு கத்தியின் விளிம்புபோல நின்றது. உடலில் இருந்த கொழுப்பெல்லாம் தீர்ந்து கடைசியில் தசையும் கரைந்திருக்கிறது என்று உயிரியல் ஆசிரியை சொன்னார்.) காலினா அழவில்லை, நானும் அழவில்லை. ஆனால் ரொட்டிக் கடை வாசலில் அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். தொப்பியைக்கூட எடுக்காமல் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான், "அத்தை, இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? எங்க சாப்பிட்டா என்ன, அதுங்க சாப்பிட்டாச் சரிதானே." அவன் வைப்பதோ விருந்தாளிகள் வரும் நாளில் மட்டும். மற்ற நாளில் அவன் தட்டில் பனிதான் இருக்கிறது, காலினா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். புகார் நம் முற்றத்துக்குத்தானே, என் தம்பி தோப்புக்கு இல்லையே. உன் யாரெமா மாமா ஆற்றுப் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறான் அல்லவா, விற்காத பொடிமீனையும் குடலையும் எனக்குக் கொடு என்றேன், எதற்கு என்று கேட்டான், சொன்னேன், வாளியை அவனே தூக்கிக் கொண்டுவந்தான். விதையும் கொழுப்பும் தோப்பு மரங்களில் தொங்கின, சிறியவை அன்று மதியமே கண்டுபிடித்துவிட்டன. மீன் வேறு ஆளுக்கு. தோப்போரத்துத் திறந்த பனிவெளியில் தினமும் விடியுமுன் கொட்டினோம். முதலில் அண்டங்காக்கைகள் வந்தன, அவற்றைப் பார்த்து வெள்ளை வால் கழுகுகள் வந்தன, அவற்றின் மிச்சத்துக்கு ஒரு நரி வந்தது. ரெமெக் குடில் போட்டிருப்பதே அந்தக் கழுகுகளுக்காகத்தான் என்பது உனக்குத் தெரியும். ஒருமுறை தொண்டை வீங்கும்வரை தின்றுவிட்டால் கழுகு அடுத்த நாள் முழுதும் மரத்தில் உட்கார்ந்து தூங்கும், வேறெங்கும் தேடிப்போகாது.

பிப்ரவரி தொடக்கத்தில் ஹாலந்துக்காரர்கள் வருகிறார்கள், முழங்கை நீள லென்ஸ்கள், கூடவே வார்சாவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரி என்று அவன் கடையில் பெருமையடித்தான். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன். அவர்கள் குடிலில் உட்காரும் நாளுக்கு முந்தின மாலை இரண்டு வாளி மீனோடு தோப்புக்குப் போகும்போதுதான் விழுந்தேன். ஒரு மீன் வீணாகவில்லை, காலினா பொறுக்கிவிட்டாள். கையைக் கழுத்துத் துணியில் கட்டிக்கொண்டு மறுநாள் முழுதும் நம் களஞ்சியப் பரணில் உட்கார்ந்திருந்தேன், ஆஸ்பத்திரிக்கு அடுத்த நாள்தான் போனேன். அப்பா திட்டினார். திட்டட்டும், அந்த ஒரு நாளைக் காசு கொடுத்தாலும் திரும்பப் பார்க்கமுடியாது.

குடிலின் சட்டம் உனக்குத் தெரியும், இருட்டோடு உள்ளே போனவர்கள் இருட்டின பிறகுதான் வெளியே வரவேண்டும், நடுவில் யாராவது தலைகாட்டினால் கழுகுகள் வாரக்கணக்கில் அந்தப் பக்கம் திரும்பாது. ஆக அத்தனை பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். உன் புல்வெளி வெள்ளைத் தாளாகக் கிடந்தது. அவன் வைத்த இறைச்சியைப் பார்க்க மதியத்துக்குமேல் மாக்பை என்கிற கறுப்பு வெள்ளைக் காக்கை ஒன்று வந்தது, அதுவும் பிடிக்காமல் போய்விட்டது. இந்தப் பக்கம் தோப்போரத்தில் பெரிதும் சிறிதுமாக எத்தனை கழுகுகள், ஒன்றையொன்று சிறகால் அடித்துக்கொண்டு, பனியைத் தூவிக்கொண்டு. காலினா உன் கேமராவில் எடுத்துத் தள்ளினாள், விரல் மரத்துப்போனால் என் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி எடுத்தாள். அப்போது என் கைப்பேசி அடித்தது. ரெமெக். உள்ளே சத்தம் போடக்கூடாதே, அதனால் ரகசியக் குரலில் கேட்கிறான், ஒரு காகம்கூட இல்லாத இடத்தில். "அத்தை, உங்க பக்கம் கழுகு ஏதாச்சும் தெரியுதா?" நானும் அதே ரகசியக் குரலில் சொன்னேன், "கழுகா? இங்க எலிதான் இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்தியேப்பா."

டக்கென்று கைப்பேசியை அணைத்துவிட்டான். அந்தப் பேச்சை நான் எத்தனை முறை நினைத்துச் சிரித்தேன் என்று சொன்னால் பாதிரியார் என்னை நற்கருணைக்கு விடமாட்டார்.

ஒரு வாரம் கழித்து வந்தான், இந்த முறை தொப்பி கையில். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறானாம், விளம்பரத்தில் என் பெயர் போடுகிறானாம். ஹாலந்துக்காரர்களின் ஏஜென்ட் இனி நிலம் எழுத்தில் இருந்தால்தான் ஆள் அனுப்புவானாம், அதனால் நீ கையெழுத்துப் போடும்படி நான் எழுதவேண்டுமாம். மன்னித்துக்கொள் என்ற சொல் மட்டும் வரவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போடாதே என்று எழுதத்தான் நினைத்தேன், செவெக். அவன் குடிலைப் பிரித்து வண்டியில் ஏற்றுவதைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. ஆனால் பிரித்துக்கொண்டு போனால் அத்தோடு முடிந்துவிடும், அடுத்த ஊரில் போட்டுக்கொள்வான். அது எனக்குப் போதாது, போவதானால் தன் சோம்பலால் போகவேண்டும்.

அதனால் கையெழுத்துப் போடு. பத்து வருடம் கேட்டால் பத்து வருடமே கொடு, ஒரு நாள் குறைக்காதே. ஒரே ஒரு நிபந்தனை எழுதிச் சேர். நவம்பர் முதல் மார்ச் முடியும்வரை, விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும், ஞாயிறானாலும் கிறிஸ்துமஸானாலும், சிறு பறவைகளுக்கு விதையும் உப்பில்லாத கொழுப்பும் விடியுமுன் அவன் கையால் வைக்கவேண்டும். ஒரு காலை தவறினாலும் குத்தகை முறிந்து புல்வெளி உனக்கே திரும்பும். நம் பரணிலிருந்து அவன் தட்டு நன்றாகத் தெரியும், கேமரா நாளையும் நேரத்தையும் தானே படத்தில் போட்டுவிடும். அவன் பத்து மணிவரை தூங்குகிறவன் என்பது உனக்கே தெரியும். கழுகுகளைப் பற்றி எதுவும் எழுதாதே, அவை மாமாவின் தோப்பில்தான் சாப்பிடும், அதை நான் உயிரோடு இருக்கும்வரை பார்த்துக்கொள்கிறேன். இதைக் கேட்ட உன் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "செவெக்கோட சினேகிதன்டி அவன். ஜெயில்லகூட ஞாயித்துக்கெழமை கொஞ்சம் தூங்க விடுவாங்க." சூப் ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், யாருக்கும் தானம் பண்ணிவிடாதே. காலையில் வெறும் காப்பியோடு வேலைக்குப் போகாதே. கையெழுத்தை ஒவ்வொரு பக்கத்திலும் போடு, பதிவுத் தபாலில் அனுப்பு, மறந்துவிடாதே. கடவுளின் தாய் உன்னைக் காக்கட்டும், உன் கைகளுக்கு எந்த இயந்திரத்தாலும் தீங்கு வராதிருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா கிராஜினா (இடது கையால்)

அண்ணா, அம்மா கோழிக்கூட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் இது என்னுடையது. விடியற்காலைப் படங்களைப் பள்ளிக்குப் போகுமுன் எடுக்கப்போவது நான்தான். முதல் குளிர்காலத்திலேயே அவன் ஒரு நாள் தூங்கிவிடுவான், புல்வெளி திரும்பிவிடும் என்று அம்மா நம்புகிறாள். அவன் ஒரு நாளும் தூங்கிவிடக்கூடாது என்று நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அந்தக் குருவியைக் கையில் வைத்திருந்தது நான். பத்துக் குளிர்காலமும் அவன் விடியுமுன் எழுந்தே முழுதாகக் கழியட்டும்.
காலினா