அம்மாவுக்குச் சொல்லாத சாவு

அன்புள்ள நைனாவுக்கு,

அன்புள்ள என்று போட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டுமாம். போட்டுவிட்டேன், அத்தோடு சரி.

நான் வடக்குப்பட்டில் பள்ளிக்கூடம் போகும்போது மலேசியாவுக்குப் போனவன் நீ. இந்த 1991-இல் என் தையல் கம்பெனி, புது மெஷின் பழகி வரச் சொல்லி என்னையும் அங்கே அனுப்பியது. கிள்ளானில் சாயங்காலச் சந்தையில் நீ கடலை வறுத்து விற்பதாகத் நம்ம பக்கத்து ஊர் தண்டலத்து ஆள் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறினேன். எங்களைக் கைவிட்டதற்கு நாலு பேர் முன்னால் உன்னை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

அடேயப்பா, என்ன கூட்டம்! சதுக்கம் முழுக்க விளக்கு, மீன் பொரிக்கிற புகை, மூன்று பாஷையில் கூவல். அம்மா ஸ்ரீபெரும்புதூர் இட்லிக்கடையில் மாவாட்டிக் கை காய்த்துப்போனாள். நீ இந்த வெளிச்சத்தில் ஜம்மென்று இருந்திருக்கிறாய். வயிறு எரிந்தது.

கடலை வண்டியில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவரு முகம் அப்படியே இருக்கே! வடக்குப்பட்டுப் பிள்ளையா? அவரு தைப்பூசத்துக்கு முன்னாலயே தவறிட்டாரும்மா. இங்க அவரு கட்டிக்கிட்டவ நான்தான். ஊர்ல அக்காவுக்கு யாரும் சொல்லலியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த வசவை இனி யாரிடம் கொட்டுவேன்?

"நீயே போய்ச் சொல்லிடும்மா, மறைக்கிறது பாவம்" என்று ஒரு கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

எதைச் சொல்ல? நீ எட்டிப் பார்க்காத வீட்டில் அம்மா ஆடிக்கு ஆடி தாலிச் சரடு மாற்றுகிறாள். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். சேதி தெரிந்தால் அதே பெண்கள் அவளை உட்கார வைத்து, பூவையும் பொட்டையும் தாலியையும் எடுத்துவிடுவார்கள். அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் அவளுக்குப் பின்வரிசைதான். உயிரோடு இருந்து ஒன்றும் கொடுக்காத நீ, செத்த பிறகு இருப்பதையும் பிடுங்குவாயா?

ஊர் திரும்பியதும் அம்மா கேட்டாள்: "இன்னாடி, உங்க நைனாவப் பாத்தியா?"

"இல்லம்மா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தாளு இன்னா ஆனாலும் என்னாண்ட வந்து சொல்லாத. ஆவணில என் தம்பி மவளுக்குக் கல்யாணம் கீது. ஆரத்தி நான்தான் எடுக்கணும்."

ஆகவே உனக்கு இங்கே திவசம் கிடையாது. எள்ளும் தண்ணீரும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள். அம்மா என்றைக்குப் போனாலும் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, சுமங்கலியாகத்தான் அவளை அனுப்புவேன். நீ முந்திக்கொண்டாய் என்பதை அவள் சுடுகாடு போய்ச் சேரும்வரை ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
என் அம்மாவின் மகள்.