சகலை மண்ணும் என் மண்ணும்

ஜூன் 4
மகளுக்கு ஆறாம் மாதம். ஹீமோகுளோபின் எட்டுதான். பிரசவத்துக்குள் ஏற்றாவிட்டால் ஆபத்து என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். கீரையும் சாப்பிடச் சொன்னார். கீரையா? என்னிடமா? எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான்; ஆனால் மண் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க வாத்தியார் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

ஜூன் 6
மாடியில் நாங்கள், கீழே சகலை குடும்பம். சமையல் இரு வீட்டுக்கும் சேர்த்துச் சகலை மனைவி கையில்; கொல்லையும் பொது. அதைச் செங்கல் வரிசை வைத்து இரண்டாக்கிப் பசலை விதைத்தோம். என் பாதிக்குச் சாணமும் மக்கிய இலைதழையும். அவன் பாதிக்கு யூரியா.

"பாக்கலாம் அண்ணே, உங்க குப்பை ஜெயிக்குதா, என் உரம் ஜெயிக்குதான்னு."

"உன் உரத்தைத் தின்னா கீரைக்கே மயக்கம் வரும் சகலை!"

என் பாதிக் கீரையைத்தான் தின்ன வேண்டும் என்று மகளுக்குக் கட்டளை போட்டாயிற்று.

ஜூன் 24
அவன் பக்கம் காடு. என் பக்கம் முளைத்திருக்கிறது. தெருவில் கேட்டார்கள். இடுப்பளவு என்றேன். யார் இடுப்பு என்று அவர்கள் கேட்கவில்லை.

ஜூன் 28
என் பக்கத்து மண்ணை ஒரு பிடி அள்ளினேன். கதகதவென்று ஈரம். ஒரு மண்புழு நெளிந்தது (பாம்பு பருமன் என்றே வைத்துக்கொள்வோம்). நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாதது இன்னும் எத்தனையோ! ஒரு கைப்பிடிக்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது. வாயடைத்து நின்றேன். அதுவும் என் வாய்!

ஜூலை 9
சகலை மகளுக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு பக்கக் கீரையையும் சோதித்துவிட்டு வந்தாள்.

"பெரியப்பா, இரும்புச்சத்து ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். உங்களுதுல வைட்டமின் சி கொஞ்சம் கூட. அப்பாவுதுல விளைச்சல் ஜாஸ்தி, யூரியாவால நைட்ரேட் உப்பும் ஜாஸ்தி."

"கொஞ்சம்னா? பத்து மடங்கா?"

"கொஞ்சம்னா கொஞ்சம், பெரியப்பா."

ஒரே இரும்பா? அப்ப என் பிள்ளைக்கு நான் என்னதான் செஞ்சேன்?

ஜூலை 10
விடுவேனா? செங்கல்லோரம் என் செடி ஒன்று, எல்லாவற்றையும்விட உயரம். இதைச் சோதிக்கட்டும் என்று வேரோடு தோண்டினேன். சகலையும் வந்து குனிந்தான். வேர் போகிறது, போகிறது — செங்கல்லுக்கு அடியில் நுழைந்து அவன் யூரியாவுக்கே போய்விட்டது!

"திருட்டுக் கீரை அண்ணே!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவன் ஓரத்துச் செடி ஒன்றையும் தோண்டினோம். சிரிப்பு நின்றது. அதன் வேர் என் பக்கம் வந்திருந்தது. மண்புழு குடைந்த வளையிலேயே வழிபிடித்து, முடியைவிட மெல்லிதாகப் பிரிந்து, மக்கிய இலை ஒன்றைக் குழந்தை விரல்போலப் பற்றியிருந்தது. இருவரும் மண்டியிட்டபடியே இருந்தோம். கண் கிடையாது, வெளிச்சம் கிடையாது. எங்கே என்ன இருக்கிறதென்று அதற்கு யார் சொன்னது?

ஜூலை 11
சித்தப்பா கீரையையும் சாப்பிடும்மா என்றேன். மகள் சிரித்தாள்.

"முதல் அறுப்புலேருந்தே சித்தி ரெண்டையும் கலந்துதாம்பா வேக வைக்கிறாங்க."

ஆகஸ்ட் 14
ஹீமோகுளோபின் பத்தரை!

"மாத்திரையை நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டரம்மா. "கீரையும் நல்லா சாப்பிட்டிருக்காளே. யார் தோட்டம்?"

வாயைத் திறந்தேன். கதவோரம் சகலை, மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"எங்க ரெண்டு பேரோடதும்மா," என்றேன்.