கப்பல் ஊதி முடியட்டும்

இன்று காலை பாலையூற்று வீட்டில் கதவைச் சாத்திவிட்டு எட்டாம் பாடத்தைப் பதியத் தொடங்கினேன். இரண்டு வரிகூடச் சொல்லியிருக்க மாட்டேன், துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. உன் ஞாபகம் வந்து பாடம் அப்படியே நின்றுபோனது.

பல்கலைக்கழக முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நாம் சேர்ந்து செய்த இணையவழிப் புள்ளிவிபரவியல் வகுப்பில் முதல் ஏழு பாடங்களும் உன் குரல். நான்காம் பாடத்தில் நீ நியம விலகலை விளக்கும்போதும் இப்படித்தான் கப்பல் ஊதியது. நீ பதறவில்லை. "பொறுங்கோ பிள்ளையள், கப்பல் ஊதி முடியட்டும். அதுக்குள்ள நான் சொன்னதை எழுதுங்கோ" என்றாய். ஒவ்வொரு விளக்கத்துக்குப் பிறகும் சற்றுப் பேசாமல் இருப்பது உன் வழக்கம். "எடி, வகுப்பில முகத்தைப் பாத்து நிப்பாட்டலாம். இதில முகம் இல்லை. அதுதான் நானே நிப்பாட்டுறன்" என்பாய்.

எனக்கோ அவசரப் புத்தி. தம்பலகாமம் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் போதாமல் பாடம் இறங்குதில்லை என்று முறையிட, பேச்சில்லாத இடங்களைத் தானாகவே வெட்டும் மென்பொருள் ஒன்றைப் பிடித்தேன். நாற்பது நிமிடப் பாடம் இருபத்தைந்து ஆனது. பெருமை தாங்கவில்லை. கணினியில் இடமில்லையென்று மூலப் பதிவுகளையும் அழித்தேன். நீ கேட்டுவிட்டுச் சிரித்தாய். "என்னை மூச்சு விடாமக் கதைக்க வைச்சிட்டாய். பரவாயில்லை, லீவில திரும்ப ரெக்கோட் பண்ணுவம்."

லீவுக்கு முன்பே ஒரேயடியாய்ப் போய்விட்டாய்.

போன கிழமை தம்பலகாமத்துப் பிள்ளையொருத்தி எழுதியிருந்தாள்: "மிஸ், பாடம் இப்ப கெதியா இறங்குது. ஆனா அந்த மிஸ் ஏன் இவ்வளவு அவசரமாக் கதைக்கிறா? என்னால எழுத ஏலாமக் கிடக்கு."

வேகத்தைக் குறைத்துக் கேட்கச் சொன்னேன். நானும் அப்படிக் கேட்டேன். உன் குரல் இழுபட்டு நோயாளியின் குரலாகியது; மூச்சு மட்டும் திரும்பவில்லை. அழித்ததை மீட்க முடியுமா என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் கையை விரித்தார்கள். ஏழு பாடங்களையும் நானே திரும்பப் பதியலாம், அந்தப் பிள்ளைகளுக்காகப் பதியத்தான் வேண்டும். ஆனால் அதற்கு உன் குரலை எடுத்துவிட வேண்டுமே. கை வருகுதில்லை.

இன்று காலை என்னையறியாமல், "பொறுங்கோ பிள்ளையள், கப்பல் ஊதி முடியட்டும்" என்றேன். ஊதி முடிந்தது. பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது. அந்தப் பேச்சில்லாத இடத்தை வெட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டேன்.