பொத்தான் வைத்ததையே வாங்கு

சங்கரன்கோவில்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஃபாரூக்கிற்கு உம்மாவின் ஸலாம். இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சியும் அல்லாஹ் கிருபையால் சுகம், ஆஸ்திரேலியாவில் நீயும் சுகம்தான், தரையில் இருக்கும் நாட்களிலாவது. என் கண்ணாடி உடைந்துவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஜஸீமாதான் எழுதுகிறாள் (உடைத்தது யார் என்று விசாரணை நடக்கிறது, எழுதுபவளைச் சந்தேகிக்க வேண்டாம்). போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் கடுதாசி.

போன மாதம் லீவு நாளில் அந்தச் சின்ன விமானத்தில் தனியாகப் பறந்தபோது, வழி பார்க்கும் டேப்லட் வெயிலில் சூடாகி அணைந்துபோனதையும், கீழே தண்டவாளத்தைப் பார்த்துப் பார்த்தே வந்து இறங்கியதையும் இவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். இவள் வாயில் எது நிற்கும்? (இரண்டு நாள் நின்றது, அதுவே சாதனை.) இனிமேல் பறக்காதே என்று எழுதத்தான் இவளை உட்காரவைத்தேன். வாப்பா தடுத்தார். "வேண்டாம்னு சொன்னா பறக்கத விடமாட்டான், நம்மகிட்ட சொல்லுததத்தான் விடுவான்" என்றார். ராத்திரி முழுக்க யோசித்தேன், அவர் சொன்னது சரியென்றே பட்டது.

டேப்லட்டுக்குப் பதிலாக எதை வாங்கலாம் என்று நீ படம் அனுப்பிய இரண்டு ஜிபிஎஸ் கருவிகளையும் வாப்பா ஒரு வாரமாகப் பார்க்கிறார். ஒன்று அகலத் திரை, தொட்டு நகர்த்துவது, மற்றது கைக்கு அடக்கமாகப் பொத்தான் வைத்தது. கரண்ட் போனால் பாதி நெசவில் நிற்கிற தறியோடு காலம் தள்ளுகிற மனுஷர், நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. தன் போனில் மேப்பைத் திறந்து தறிக்கூடத்துத் தகரக் கூரையில் வைத்துவிட்டு மத்தியானம் லுஹர் தொழப் போனார், வந்து பார்த்தால் திரை கறுத்துக் கிடக்கிறது. மோட்டார் பார்க்க வந்த மாரிசெல்வம், "அண்ணாச்சி, போனு நல்லா வெந்துட்டு, சட்னி அரைக்கச் சொல்லவா" என்றான். ஆறிய பிறகு, சின்ன விமானமும் இப்படித்தான் குலுங்கும் என்று, அதையே எடுத்துக்கொண்டு பனவடலிசத்திரம் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, குலுங்கக் குலுங்கத் திரையைத் தொட்டு ஊர் தேடியிருக்கிறார். விரல் எங்கெங்கோ விழுந்து ரைஹானா மாமிக்கு மூன்று முறை போன் போய், மாமி யாருக்கு என்னவோ என்று பதறி ஆட்டோ பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அதனால் பொத்தான் வைத்ததையே வாங்கு. வாங்குமுன் கடைக்கு வெளியே வெயிலில், பறக்கும்போது போடும் கறுப்புக் கண்ணாடியோடு எழுத்து தெரிகிறதா என்று பார். பறக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு சார்ஜ் நிற்கவேண்டும். மேப்பை எத்தனை நாளைக்கு ஒருமுறை புதுப்பித்துத் தருவார்கள் என்றும் கேள். காகித மேப்பும் மடியில் இருக்கட்டும், அது அணையாது.

கூடுதலாகக் காசு கொடுத்தால் நீ பறக்கும் இடம் மேப்பில் புள்ளியாக நகர்வதை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று இவள் குதிக்கிறாள். எனக்கு வேண்டாம் மக்கா. அந்தப் புள்ளி கொஞ்சம் நின்றாலும் என் உயிர் நின்றுவிடும். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குக் காட்ட வேண்டாம், உனக்குக் காட்டினால் போதும்.

அல்லாஹ் உன்னை வானத்திலும் பூமியிலும் காப்பாற்றுவானாக. இறங்கியதும், விமானத்தைக் கட்டிப்போடும் முன்னாலேயே, ஒரு போன்.

உன் உம்மா
மகபூப் பீவி