மொறிஸ் மைனருக்கு ஒரு மூச்சுக்குழாய்

5 ஓகஸ்ட், செவ்வாய்

பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு காலை முழுவதும் நின்றேன். காபரேற்றரின் வாய் வெறுமனே திறந்து கிடக்கிறது. காற்று வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கதிரவேலு அண்ணையிடம் இந்த மொறிஸ் மைனர் காரை வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். யாழ்ப்பாணத்துக்குள் ஓடித் திரிந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. புத்தளம் வரை போகவேண்டும் என்றதும் தெரிகிறது.

விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். செம்மண் தூசி, எண்ணெயில் குழைந்து பசையாக ஒட்டியது. சோளகக் காற்று அடிக்கிற மாதம். இவ்வளவையும் எஞ்சின் குடித்துக்கொண்டிருக்கிறது.

நெல்லியடி கராஜ்காரர் சொன்னது: "உந்த வாயோட நெடுந்தூரம் ஓடினியளெண்டா எஞ்சின் தேய்ஞ்சு புகையாத் தள்ளும். பழைய வடிகட்டி வேணுமெண்டா கொழும்பில சொல்லி வைச்சிட்டு மாசக்கணக்காப் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்."

மாசக்கணக்கு என்னிடம் இல்லை.

8 ஓகஸ்ட், வெள்ளி

நிலைமையைச் செய்தி எழுதுவது போல எழுதிப் பார்க்கிறேன். பத்திரிகையில் இருந்தவன் நான், அப்படி எழுதினால்தான் எனக்கு எதுவும் விளங்கும்.

மகள் அஸீலாவும் மருமகனும் மாத முடிவில் கட்டாருக்குப் போகிறார்கள். புத்தளத்து வீட்டை விட்டுவிடுவார்கள். அந்த வீட்டில் அவர்களோடு இருக்கிற என் மனைவி லத்தீபா எங்கே போவது? மகன் இஹ்ஸான் 31ஆம் திகதி வேனோடு வந்து உம்மாவைத் தெகிவளைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டான். நான் யாழ்ப்பாணம் திரும்பிப் பதின்மூன்று வருடம். அவள் திரும்பவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களான எங்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்ன ஊருக்கு வா என்று வற்புறுத்த எனக்கும் நா எழவில்லை. பெருநாளுக்கும் நோன்புக்கும் நான்தான் போவேன். அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

ஜும்ஆ முடிந்து வந்து லத்தீபாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதுகு அறுவைக்குப் பிறகு அவளால் பஸ்ஸில் இருக்க முடியாது. வாடகைக்கு வேன் பிடித்து வருகிறேன், இங்கே வந்துவிடு என்றேன்.

"வாடகை வேன்ல வந்தா நான் விருந்தாளி. நாலு நாள் இருந்திட்டுத் திரும்பணும். சொந்த வாகனத்துல வந்து கூட்டிட்டுப் போங்க, வாறேன். இல்லாட்டி மகனோட போறேன்."

விளையாட்டாகச் சொன்னாளா? இல்லை. சிரிப்பு வரவில்லை.

‘கூட்டிட்டுப் போங்க.’ கலியாணம் முடித்த புதிதில் ‘வாங்கோ, இருங்கோ’ என்றவள். அந்தக் ‘கோ’வைப் புத்தளம் எடுத்துக்கொண்டது. எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன் — தெரியவில்லை.

12 ஓகஸ்ட், செவ்வாய்

உரும்பிராய்க்குப் போனேன். கதிரவேலு அண்ணை வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். சண்டைக் காலம் முழுவதும் இந்தக் காரை ஓடியவர் அவர். கண் மங்கியபிறகுதான் எனக்கு விற்றார். ஊரில் எவருடைய தண்ணீர்ப் பம்பு நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன பேப்பர்காரர், காரைத் திருப்பித் தர வந்தியளோ?"

"இல்லை அண்ணை. அதுக்கு மூச்சு விட ஒரு வழி செய்யவேணும். லத்தீபாவைக் கூட்டிவரப் போறன்."

"அப்ப மூச்சு முட்டுறது உங்களுக்கெண்டு சொல்லுங்கோ. காரை ஏன் சாட்டுறியள்?"

அவருடைய மனைவி ஞானாம்பிகை அக்கா வரம்பில் நின்று குரல் கொடுத்தார்: "இவருக்கு ஒரு நாளும் முட்டாது தம்பி. வாயை மூடுற ஆளுக்கெல்லோ மூச்சு முட்டும்."

செய்து தருகிறேன் என்றார். கடையில் ஒன்றும் வாங்க வேண்டாமாம்.

14 ஓகஸ்ட், வியாழன்

செய்தாகிவிட்டது. பெரிய பால்மா ரின் ஒன்று. அதற்குள் வேன் ஒன்றின் கடதாசி வடிகட்டி. ரின்னின் அடியில் துளையிட்டுக் காபரேற்றர் வாயோடு பொருத்திய வளையம். காற்று வந்து சேர, தண்ணீர்ப் பம்பின் உறிஞ்சு குழாயில் ஒரு துண்டு. உள்ளே கம்பி ஓடுவதால் எஞ்சின் இழுக்கிற இழுவைக்கு நசுங்கிச் சப்பளியாது.

குழாயின் மறுமுனையைப் புகைபோக்கிக் குழாய்க்கு மேலே தகரத்தால் ஒரு பெட்டி மடித்து அதற்குள் விட்டார். "காத்தைச் சுட வைச்சுத்தான் குடுக்கவேணும்" என்றார். அவருடைய கை அவ்வளவு வேகமாக வேலை செய்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான்.

ஸ்ராட் பண்ணினோம். நாய் இரைப்பது போலிருந்த சத்தம் அடங்கிவிட்டது.

17 ஓகஸ்ட், ஞாயிறு

ஆனையிறவு வரை ஓட்டிப் பார்த்தேன். சாவகச்சேரி தாண்டும்வரை பட்டுப்போல் போனது. கொடிகாமம் கழிய, மிதிக்க மிதிக்கக் கார் சோர்ந்தது. ஆனையிறவில், இரண்டு பக்கமும் உப்புவெளி, மரமொன்றில்லை — நின்றுவிட்டது. பெற்றோல் மணம் மூக்கை அடைத்தது. பொனற்றைத் தொட முடியவில்லை.

ஆறியபிறகு எடுபட்டது. பளையில் திரும்பவும் நின்றது.

அவளை இப்படி ஒரு வெளியில் இருத்திவிட்டு நான் என்ன சொல்வேன்? அதுவும் துரத்தப்பட்ட ஊருக்குத் திரும்பி வருகிற வீதியில்?

19 ஓகஸ்ட், செவ்வாய்

சூடு போதவில்லை என்கிறார் அண்ணை. பெட்டியைச் சுற்றி இன்னொரு தகரம் போட்டு இறுக்கினார். இன்று சாவகச்சேரியிலேயே நின்றது.

20 ஓகஸ்ட், புதன்

அஸீலா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். லத்தீபா தொலைபேசியில் கார் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

22 ஓகஸ்ட், வெள்ளி

இன்று கத்திவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"என்ரை மனிசியை நடுக்காட்டில இருத்திறதுக்கோ உதைச் செய்து தந்தனீங்கள்? உது கார் அண்ணை, உங்கடை பம்பில்லை!"

"நான் காரைத்தான் வித்தனான். உங்கடை கலியாணத்துக்குப் பொறுப்பு நிக்கேல்லை."

ஞானாம்பிகை அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் குறடொன்றை எடுத்துக்கொண்டு மறுபடி எஞ்சினுக்குள் குனிந்தார்.

"இன்னும் சூடு காணாது. சூடில்லாட்டி உது எப்பிடி எரியும்?"

அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.

"பெற்றோல் எரியிறதுக்கு ஏனண்ணை சூடு?"

ஏதோ சொல்ல வாயெடுத்தார். குறடு அப்படியே நின்றது. "பெற்றோல்…" என்றார். பிறகு பழைய ரயர் ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"ஓம். பெற்றோல்தானே ஊத்துறியள்."

சண்டையில் பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றர் வாய்க்குள் ஒரு மூடி பெற்றோலை ஊற்றி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் கொதித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஊற்றுவதற்கு இடைஞ்சல் என்றுதான் பழைய வடிகட்டியை அவரே கழற்றி எறிந்திருக்கிறார். மண்ணெண்ணெய் ஆவியாக வேண்டும் என்றால் சூட்டுக் காற்று வேண்டும். பெற்றோலுக்கோ அந்தச் சூடே எமன். காபரேற்றருக்குள் கிடந்தே கொதித்துப் போகிறது.

"தலைக்குத் தெரியும் தம்பி. கைக்குத் தெரியேல்லை."

பேப்பர்காரர் என்று சொல்லவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் யாழ்ப்பாணத்துக் கார்களைப் பற்றி நானும் அந்தக் காலத்தில் எழுதியிருக்கிறேன் — புத்தளத்தில் அகதிகளின் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, வந்தவர்கள் சொல்லக் கேட்டு. அந்தச் சூட்டை நான் தொட்டதில்லை. அவர் கொட்டிலைக் கண்டதில்லை. அவர் பெட்டியைக் கழற்றினார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

புதிய ஏற்பாடு: குழாயை முன்பக்கம் கொண்டுபோய், ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வெளிக்காற்று படும் இடத்தில் வாயை வைத்து, வலை ஒன்று கட்டினோம். அந்தப் பெட்டித் தகரத்தையே விரித்து, சூடு ஏறாமல் காபரேற்றருக்குக் கீழே மறிப்பாக வைத்தார்.

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.

24 ஓகஸ்ட், ஞாயிறு

ஆனையிறவு போய்த் திரும்பினேன். நிற்கவில்லை.

26 ஓகஸ்ட், செவ்வாய்

இஹ்ஸான் தொலைபேசி எடுத்தான்.

"வாப்பா, அந்தப் பழைய டப்பாவிலயா உம்மாவை ஏத்தப் போறீங்க? வழியில நிண்டா?"

"நிண்டா நிப்பம்."

"அவங்கட முதுகு தெரிஞ்சும் இப்பிடிக் கதைக்கிறீங்க. நான் முப்பதாம் திகதி காலையிலேயே வேனோட வந்துருவேன்."

ஒரு நாளை முன்னுக்கு இழுத்துவிட்டான். அவன்மேல் கோபப்பட முடியவில்லை. உம்மாவின் முதுகைத்தான் நினைக்கிறான். நானும் அதைத்தான் நினைக்கிறேனா?

29 ஓகஸ்ட், வெள்ளி. புத்தளம்

வந்து சேர்ந்தேன். கார் வழியில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

லத்தீபா கேற்றடிக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

"முன் சீற்றுல தலகாணி வைக்க இடமிருக்கா?"

இருக்கிறது என்றேன். உள்ளே போய்விட்டாள். இதை வருகிறேன் என்று எடுப்பதா? அரசியல்வாதிகளின் அரைப் பதிலை முழுச் செய்தியாக்கத் தெரிந்தவனுக்கு இவளுடைய பதில் பிடிபடவில்லை.

31 ஓகஸ்ட், ஞாயிறு. யாழ்ப்பாணம்

நேற்று நடந்தது.

இஹ்ஸான் சொன்னபடி வேனோடு வந்தான். அவன் இறங்கியபோது லத்தீபா மொறிஸ் மைனரின் முன் சீற்றில், முதுகுக்குத் தலையணை கொடுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணாடியருகே குனிந்து, "உம்மா, இறங்குங்க. விளையாடாதீங்க" என்றான்.

"வேன் சும்மாதானே நிக்குது மகன். என்ட பெட்டியள ஏத்திட்டுப் பின்னால வா."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்ரேறிங்கைப் பார்த்தேன். பிறகு பெட்டிகளை ஏற்றினான்.

மதவாச்சி தாண்டியதும் வீதி திருத்த வேலைக்காகக் கிளறிக் கிடந்தது. முன்னால் லொறிகள், எதிரே ஒன்றும் தெரியாத தூசி. கார் குலுங்கிய குலுக்கலில் ஏதோ கழன்று விழுந்த சத்தம். நிறுத்திப் பார்த்தேன். குழாய் வாயில் கட்டிய வலையைக் காணோம். வடிகட்டியின்மேல் அதற்குள்ளேயே செம்புழுதி படிந்திருந்தது. இன்னும் அரைமணி நேரம் இப்படி இழுத்தால் அடைத்துக்கொள்ளும். இஹ்ஸான் பின்னால் வேனை நிறுத்தி இறங்கி வந்தான். வேனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

லத்தீபா இறங்கினாள். வேனுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் பக்கம் வந்து நின்று, கைப்பையிலிருந்து பருத்தித் துப்பட்டா ஒன்றை எடுத்தாள். இரண்டாக மடித்துக் குழாய் வாயில் போர்த்தாள். நான் கயிற்றால் கட்டினேன்.

"அவ்வளவு இறுக்காதீங்க. மூச்சு முட்டும்" என்றாள்.

முடிச்சைத் தளர்த்தினேன். எஞ்சின் எடுபட்டது. அவள் போய் முன் சீற்றில் உட்கார்ந்து தலையணையைச் சரிசெய்தாள்.

ஆனையிறவில் நிற்பாட்டச் சொன்னாள். அங்கே கார் நின்றது அது இரண்டாவது தடவை. இந்தமுறை நிற்பாட்டியது நான். கொஞ்ச நேரம் உப்புவெளியைப் பார்த்தாள். பிறகு, "போகலாம்" என்றாள்.

12 செப்ரெம்பர், வெள்ளி

காலையில் கதிரவேலு அண்ணையும் ஞானாம்பிகை அக்காவும் வந்தார்கள். அண்ணை கையில் பித்தளை வலையால் செய்த ஒரு மூடி. அளவெடுத்து, விளிம்பு மடித்து, அழகாக இருந்தது.

"உந்தச் சீலையை எறிஞ்சுபோட்டு இதைப் பூட்டுங்கோ தம்பி. ஆரும் பாத்தா பல்லுக்குத்தில காருக்கு வாய் கட்டியிருக்கெண்டு நினைப்பினம்."

லத்தீபா குசினியிலிருந்து வெளியே வந்தாள். வலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல வேலை என்றாள். அதைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்து, என்னிடம்:

"அந்தத் துணியைக் கழட்டித் தாங்கோ. தூசி பிடிச்சுக் கிடக்கு. தோய்ச்சுப்போட்டுத் திருப்பிக் கட்டுவம்."

கழற்றிக் கொடுத்தேன். ‘தாங்கோ’ என்றது அவளுக்குத் தெரிந்ததா என்று பார்த்தேன். தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும்.

துப்பட்டா கொடியில் காய்கிறது. கார் இன்று எங்கும் போகவில்லை.