குறுக்குச் சுவர் இல்லாத இழை

இன்று காலை சமையலறை மேடையில் கிடந்த ரொட்டியில் பூஞ்சை பூத்திருந்தது. இந்த மழைக்கு முதலியார்பேட்டையில் எந்த வீட்டிலும் எதுவும் காய்வதில்லை. ரொட்டியை வாங்கி வந்தவளும் நான்தான், மறந்தவளும் நான்தான். சாம்பல் நிறத்தில் பஞ்சு போலப் படர்ந்து, நுனிகளில் மிளகைப் பொடித்துத் தூவினது போலக் கரும்புள்ளிகள். உறையைப் பிரித்ததும் அந்த ஈர நெடி முகத்தில் அடித்தது. என் வீட்டுக்காரர், "தூக்கிப் போடாம என்னா பாத்துக்கினு நிக்கிற?" என்றார். "ரைசோபஸ்" என்று அந்தப் பூஞ்சையின் பெயரைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உனக்கு விளங்கியிருக்கும். உன்னைக் கொண்டுபோனதும் இந்தப் பூஞ்சையின் வரிசையைச் சேர்ந்ததுதான். நம்முடைய பேச்சில் சொன்னால் பங்காளி.

உறையை முடிச்சுப் போட்டுக் குப்பையில் போட்டேன். கை கழுவினேன். டீ போட்டேன். அழுகை எதுவும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வரவில்லை. அதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உன்னிடமே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் பழகினது வகைப்பாட்டு வகுப்பில். தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, வேர்வையோடு கடைசி பெஞ்சில் உட்காருவேன். நீ காஜியார் வீதியிலிருந்து நடந்தே வந்து எனக்கு முன்னாலேயே அங்கே இருப்பாய். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், இனம் என்று பலகையில் எழுதிப் போட்டால் எங்களுக்கெல்லாம் கொட்டாவி வரும். உனக்கு மட்டும் அது தின்பண்டம் மாதிரி. பூஞ்சையைச் செடிகளோடு வைத்திருந்தார்கள், பிறகு தனி உலகமாகப் பிரித்தார்கள் என்று சொன்ன அன்று, "அப்பாடா, இப்பதான் அதுக்குன்னு ஒரு வூடு கெடச்சுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாய். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

எப்படி உனக்கு இதில் இவ்வளவு ருசி என்று கேட்டேன். உங்கள் கடைக்குக் கூட்டிப்போனாய். உன் அத்தா தையல் சாமான் கடை வைத்திருந்தார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், எல்லாவற்றிலும் பொத்தான்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கலந்துபோன பொத்தான்களைப் பிரித்துப் போடுவது உன் வேலையாக இருந்ததாம். சிறுபிள்ளைதானே, சிவப்பெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம் என்று கூட்டி வைப்பாயாம். அவர் எல்லாவற்றையும் திரும்பக் கலைத்துவிட்டு, "கலர பாக்காத, ஓட்டைய பாரு" என்பாராம். ரெண்டு ஓட்டை, நாலு ஓட்டை, ஓட்டையே இல்லாமல் பின்னால் வளையம் வைத்தது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்கு அப்போது அந்தக் கடையின் நாப்தலீன் வாசம்தான் பெரிதாகத் தெரிந்தது.

நமக்குள் தீராத சண்டை ஒன்றுதான். வைரஸ் உயிரா, இல்லையா? எந்த உலகத்திலும் சேர்க்காமல் அதைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்களே, அது அநியாயம் என்பது என் கட்சி. "பெருகுது, மாறுது, பொழைக்கத் தெரியுது. இன்னும் என்னாடி வேணும்?" என்பேன். "சாப்புடுதா? மூச்சு வுடுதா? அடுத்தவன் வூட்ல பூந்து அவன் அடுப்புல ஆக்கிக்கிறதெல்லாம் ஒரு உசுரா?" என்பாய். ஸ்கூட்டியில் கடற்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டே இந்தச் சண்டையைப் போட்டிருக்கிறோம். வேலை கிடைத்து ஒரே மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்த பிறகும் போட்டோம். உனக்குக் கல்யாணமாகி, நஸ்ரின் பிறந்து, பிரசவத்தில் வந்த சர்க்கரை போகாமல் தங்கிவிட்ட பிறகும் போட்டோம். அந்த வைரஸ் ஊருக்குள் வந்து, தலை முதல் கால் வரை உறை மாட்டிக்கொண்டு வேலை பார்த்த நாட்களில்தான் அந்தப் பேச்சு நின்றது. பேசுவதற்கு மூச்சு மிச்சமில்லை.

இரண்டாம் அலையில் நீ படுத்தாய். ஆக்சிஜன் வைத்தார்கள், ஸ்டீராய்டு போட்டார்கள், பிழைத்து வீட்டுக்கும் வந்துவிட்டாய். நஸ்ரின் மாடிப்படியில் நின்று கை தட்டியதைப் படம் எடுத்து அனுப்பினாய். நான் அதைப் பார்த்துவிட்டு மாதிரிகளை எடுத்து வைக்கப் போனேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு காலையில் போன் செய்தாய்.

"கன்னம் மரத்துக் கெடக்குடி. கிள்ளிப் பாத்தேன். யாரு கன்னத்தயோ கிள்ற மாரி இருக்குது."

"எந்தப் பக்கம்?"

"எடது. கண்ணுக்குக் கீழ கொஞ்சம் வீங்கியும் இருக்குது. மூக்கு அடைச்சிக்கினு இருக்குது."

நீயே சொன்னாய்: "நான் என்னா நெனைக்கிறேன்னு ஒனக்குத் தெரியும். வந்துட்டே இருக்கேன். நீ கீழயே இரு."

காது மூக்கு தொண்டை மருத்துவர் உன் மூக்கிலிருந்து ஒரு துணுக்குத் திசு எடுத்து அனுப்பினார். அது என் மேசைக்குத்தான் வந்தது. காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடி மூடி வைத்து, திசு கரைவதற்குக் காத்திருந்தேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சையாக இருந்தால் இழை மெலிசாக இருக்கும், நடுநடுவே குறுக்குச் சுவர் இருக்கும், கிளை சாய்வாகப் பிரியும். அதற்கு மாத்திரைகளாவது உண்டு. அதுவும் லேசுப்பட்ட நோய் இல்லை. ஆனாலும் அன்றைக்கு நான் அதைத்தான் வேண்டினேன். லென்ஸுக்குக் கீழே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு அதன் நீளம் முழுக்கச் சுவரைத் தேடினேன். அடுத்த இழையில் தேடினேன். ரிப்பன் போல அகலமாக, அங்கங்கே மடிந்து, கிளைகள் நேர்க்குத்தாகப் பிரிந்து போய்க்கொண்டே இருந்தன. சுவர் இல்லை.

வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினால், நீ. வார்டிலிருந்து நோயாளி அங்கியோடு இறங்கி வந்திருந்தாய். இடது கண் பாதி மூடியிருந்தது. வேண்டாம் என்றேன். "தள்ளு" என்றாய். என் முக்காலியில் உட்கார்ந்து, நல்ல கண்ணை வைத்துப் பார்த்தாய். விரல் பழக்கப்படி நுண்ணோக்கியின் திருகை மெதுவாகத் திருப்பியது.

"அகலமா இருக்கு" என்றாய்.

"ம்."

"சுவர் இல்ல."

"இல்ல."

"மியூகோர் வகைதான். எழுது. டாக்டர் காத்துக்கினு இருக்காரு." எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "நல்ல ஸ்லைடுடி. பசங்களுக்குக் காட்ட எடுத்து வெய்" என்றாய். நான் முடிவை எழுதினேன். எழுத்து எப்போதும் போலத்தான் இருந்தது.

அன்றே மருந்தைத் தொடங்கினார்கள். அந்த மருந்துக்கு அப்போது நாடெங்கும் தட்டுப்பாடு. உன் கணவர் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அலைந்து வாங்கி வந்தார். அறுவைசிகிச்சையில் கன்னத்து எலும்பில் கொஞ்சம் எடுத்தார்கள், பிறகு கண்ணையும் எடுத்தார்கள்.

அறுவைக்குப் பிறகு ஒரு மதியம் நான் வார்டுக்கு வந்தபோது, உன் கணவர் வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தார். உள்ளே நீ தனியாக இருந்தாய்.

"கருப்புப் பூஞ்சைன்றாங்க, வெள்ளைன்றாங்க, டிவில மஞ்சள்னு ஒண்ணு சொல்றான்" என்றார் அவர். "இதுல எதும்மா ஒட்டிக்கும்? புள்ளயப் பாக்கணும்னு கேட்டுக்கினே இருக்கா. தெருவுல எல்லாரும் கூட்டிப்போவாதன்றாங்க. எங்க அம்மாவும் வேணான்றாங்க. நான் என்னா பண்றது?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல் வந்தது. மூக்கடைத்த, கோபமான குரல். "பூஞ்சைக்குக் கலர் வச்சுப் பேர் வெக்கிறது எவன்டி? அது கருப்பே கெடையாது. அது தின்னு போட்ட எடம்தான் கருப்பாவுது."

நான் அவரிடம் சொன்னேன்: "அண்ணே, வைரஸ் வேற, இது வேற. அது மனுஷங்ககிட்டேர்ந்து மனுஷங்களுக்கு வரும். இது மண்ணுல, காத்துல, பழைய ரொட்டில எல்லாத்துலயும் இருக்கு. நாம தெனம் மூச்சுல இழுக்கறோம். ஒடம்புல சக்தி கொறஞ்சு, சர்க்கரையும் ஏறுனாதான் புடிக்கும். அவளத் தொட்டா யாருக்கும் வராது."

"நெசமாவா?"

"நான் தெனம் தொடறேன்."

மறுநாள் நஸ்ரினைக் கூட்டி வந்தார். அவள் கதவருகிலேயே நின்றாள். உன் முகத்தில் பாதிக்குக் கட்டு. அவளுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். "அத்தை, அது பூச்சியா, செடியா?" என்று என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். படுத்த படுக்கையிலும் உனக்கு அந்தக் கேள்வியை விட்டுக்கொடுக்க மனமில்லை.

"ரெண்டும் இல்ல கண்ணு. அது தனி. ஆனா செடிய விட நமக்குத்தான் கிட்டத்து சொந்தம். அதனாலதான் அதக் கொல்ற மருந்து அம்மாவயும் கொஞ்சம் படுத்துது."

"நான் தொட்டா அது எங்கிட்ட வருமா?"

"வராது."

அவள் வந்தாள். முதலில் கால் விரலைத் தொட்டாள். பிறகு கையை. பிறகு செருப்போடு கட்டிலில் ஏறி உன் நல்ல பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். செவிலியர் வந்து கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்திவிட்டுப் போனார். உன் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நீ என்னிடம், "ஒரு விஷயம் ஒத்துக்கிறேன்டி. பூஞ்சைக்கு உசுரு இருக்கு. என்னைத் தின்னுதுல்ல? வைரஸுக்கு இப்பவும் ஒத்துக்கமாட்டேன்" என்றாய். நான் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகும் அவள் பல நாள் வந்தாள். பூஞ்சை அடங்கிக்கொண்டு வந்தது. அந்த மருந்தை உன் சிறுநீரகம்தான் தாங்கவில்லை. டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது ஒரு முற்பகலில் நீ போய்விட்டாய். நான் ஆய்வகத்தில் இருந்தேன். போன் வந்தது. கையிலிருந்த கிருமி வளர்ப்புத் தட்டை மூடி அடைகாப்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மேலே வந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்குள் ஏதாவது வரும் வரும் என்று காத்திருந்தேன். உன் கன்னம் அப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ. தொடுகிற கை தெரிகிறது, தொடப்படுவது தெரியவில்லை.

உன் மேசையில் இப்போது வேறொருத்தி உட்காருகிறாள். நல்ல பெண். வைரஸ்களுக்கு இப்போது உலகம், வரிசை, குடும்பம் என்று முழு வகைப்பாடே வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எதிர்க்கட்சி இல்லை. நஸ்ரின் பெரிய பெண்ணாகிவிட்டாள். பெருநாளைக்கு அவளே பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். உன்னைப் பற்றி அவள் பேசுகிறாள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அகலமான இழைகள் இன்றும் எப்போதாவது என் லென்ஸுக்குக் கீழே வருகின்றன. முன்பெல்லாம் முடிவை எழுதி அனுப்பினால் நம் வேலை முடிந்தது. இப்போது எழுதி அனுப்பிவிட்டு நானே மாடி ஏறி வார்டுக்குப் போகிறேன். யாரும் போகச் சொல்வதில்லை. போன மாதம் வீராம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர் தன் மனைவியைச் சேர்த்திருந்தார். கட்டிலுக்குத் தள்ளி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் அவரைப் பார்க்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒட்டற சீக்கு இல்லிங்க" என்றேன். "கிட்ட போங்க. கைய புடிச்சிக்குங்க. தொடலாம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

'தொடலாம்' என்று சொல்லும் அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் குரல் கம்முகிறது. இருமல் மாதிரிச் சமாளித்துக்கொள்கிறேன். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.