வாயுக்கசிவை அறிவித்த குற்றம்

அனுப்புநர்
நெலிதா ஒர்சினி,
ஓய்வுபெற்ற தட்டச்சர்,
முதல் அறை, எண் 1147, அகாசியா தெரு,
பாராகாஸ், புவெனோஸ் ஐரிஸ்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
புகார்ப் பிரிவு,
எரிவாயு வழங்கல் அலுவலகம்,
புவெனோஸ் ஐரிஸ்.

பொருள்: பதினான்கு மாதங்களாக எரிவாயு இல்லாமை, மற்றும் அவசரமாகத் தேவைப்படும் ஒரு சான்றிதழ் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீடு தொண்ணூறு வயதைக் கடந்தது. ஒரே முற்றம், நான்கு குடும்பங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே எரிவாயுக் குழாய். சென்ற ஆண்டு ஏப்ரல் 9 காலை, முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் வாயு நாற்றம் அடித்தது. "நாற்றம் அடித்தால் உடனே அழையுங்கள், உயிர்களைக் காப்பீர்கள்" என்று தங்கள் ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறீர்கள். அதைப் படித்து இவ்வீட்டிலிருந்து ஒருவர் அழைத்தார். இந்த ஊரில் பிறந்த எவரும் செய்யாத காரியம் அது. சன்னலைத் திறந்துவிட்டு, தெரிந்த குழாய்க்காரரை ரகசியமாக வரவழைப்பதே இங்கு வழக்கம் என்பது தாங்கள் அறியாததல்ல.

2. தங்கள் ஊழியர்கள் நாற்பதே நிமிடத்தில் வந்தார்கள். அந்த வேகத்தை மனமாரப் பாராட்டுகிறேன். அதன்பின் அதைக் காணவில்லை. வால்வை மூடி, முத்திரை வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

3. குழாய் முழுவதையும் மாற்றினோம். முதல் ஆய்வாளர், காற்றுப்போக்கி மூன்று விரற்கடை தாழ்ந்திருப்பதாக எழுதினார். உயர்த்தினோம். இரண்டாமவர், முன்பிருந்த இடமே சரி என்றார். இறக்கினோம். மூன்றாமவர், அடுப்பு நீலச் சுடருடன் எரிவதைக் காட்டினால் வாயு திறக்கப்படும் என்று எழுதிக் கையொப்பமிட்டார். வாயு இல்லாமல் அடுப்பை எரிக்கும் முறையைத் தங்கள் அலுவலகம் கற்றுத் தந்தால், பிறகு தங்களுக்கு எங்களால் தொந்தரவே இராது.

4. இரண்டு மின்சார அடுப்பை ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போகிறது. ஆகவே முறை வைத்துச் சமைக்கிறோம். மாதம் 29ஆம் தேதி வழக்கப்படி ஊரே ஞோக்கி என்னும் உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிடும்போது, எங்கள் நான்காவது குடும்பத்துக்கு அது 30ஆம் தேதி கிடைக்கிறது. குளியலுக்கு ஆளுக்கு ஒரு கெட்டில் வெந்நீர். தலைக்கு ஊற்றினால் உடம்புக்கு இல்லை.

5. இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது வேறொன்று. அலுவலகத்தை அழைத்தவர் மூன்றாம் அறை எவுசேபியோ பாரியெந்தோஸ் என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள். காரணம், ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர் அவர். பதினான்கு மாதங்களாக ஞாயிறுதோறும் முற்றத்தில் எல்லோரும் ஒன்றாய்ப் பகிர்ந்து குடிக்கும் மாத்தே தேநீர்க் குடுவை சுற்றி வரும்போது அவரைத் தாண்டிப் போகிறது. எவரும் ஏசுவதில்லை, கை அடுத்தவரிடம் நீளுகிறது, அவ்வளவுதான். அவரும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார். இம்மாதம் 30ஆம் தேதி அறையைக் காலி செய்துவிட்டு, பாயியா பிளாங்காவில் உள்ள தங்கை வீட்டுக்குப் போகிறார்.

6. ஐயா, அழைத்தவள் நான். முப்பத்தாறு ஆண்டுகள் அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்தவள். அச்சில் இருப்பதை நம்பிவிட்டேன். பதின்மூன்று மாதங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன். சென்ற மாதம் முற்றத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். எவரும் நம்பவில்லை. இரண்டாம் அறை ரொசால்பா என் தோளைத் தட்டி, "அக்கா, அந்த ஆளக் காப்பாத்தப் பாக்குறீங்க. கேஸ் ஆபீசுக்குப் போன் போடுற அளவுக்கு நீங்க என்ன முட்டாளா?" என்றாள். எவுசேபியோவோ, "விடுங்கக்கா. மாத்தே குடிக்காததால இப்பல்லாம் நல்லாத் தூக்கம் வருது" என்றார். அழைத்தவள் நான்தான் என்று அவருக்கு முதல் நாளே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

7. தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். அழைத்தவரின் பெயர் ரகசியம். அழைத்தவரே கேட்டாலும் சொல்ல இயலாது என்றார்கள்.

ஆகவே, 09.04.2018 அன்று அழைத்தவர் நெலிதா ஒர்சினியே என்று முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்றை 30ஆம் தேதிக்குள் வழங்க வேண்டுகிறேன். எரிவாயுவைத் தாங்கள் எப்போது தந்தாலும் பெற்றுக்கொள்வோம். சான்றிதழுக்கு அந்த அவகாசம் இல்லை. அதை முற்றத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, முதல் மாத்தேயை என் கையால் எவுசேபியோவுக்குக் கொடுக்க வேண்டும். அதன்பின் குடுவை என்னைத் தாண்டிப் போகும் என்பது எனக்குத் தெரியும். போகட்டும்.

நாள்: 11.06.2019
இடம்: பாராகாஸ்

இப்படிக்கு,
அழைத்தவள்,
நெலிதா ஒர்சினி